கட்டைபறிச்சானில் ஓர் எழுத்து குறைகிறது

களவெடுத்தவனைப் பிடித்துத் தாருங்கள் என்று எங்களிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போனவனைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் குணரத்தினம்தான்.

"என்ட காருக்கு ஆரோ சாமான் பூட்டுறான், சேர். கழட்டேல்லை, பூட்டுறான்! ரேஸ் கார் சாமான்!"

கலீலுர் றஹ்மான் சேர் தேத்தண்ணிக் கோப்பையைக் குணரத்தினம் வீட்டு விறாந்தை மேசையில் வைத்தார். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் அடிபட்ட வாகனங்களைப் பார்த்து மதிப்புப் போட்டு ஓய்வு பெற்றவர், இப்போது துப்பறிகிறார். கார்களைப் பற்றி எல்லாம் தெரியும், ஓட்ட மட்டும் தெரியாது. அதற்குத்தான் நான், லக்சனா. கார் ஓட்டுவதும், சேர் மரியாதைக்காக விழுங்குவதை வாய்விட்டுச் சொல்வதும் என் உத்தியோகம்.

"நல்ல கள்ளனாக் கிடக்கு," என்றேன். "ஆளைக் கண்டா என்ட வீட்டு விலாசத்தையும் குடுத்து விடுங்கோ. என்ட ஸ்கூட்டிக்கு பிரேக் சரியாப் பிடிக்கிறேல்லை."

குணரத்தினத்தார் சிரிக்கவில்லை. ஓர்ஸ் ஹில்லில் சாரதி பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் அவர். வீடும் பள்ளியும் ஒரே வளவுதான். கேற்றில் தொங்கும் பலகையில் பள்ளியின் பெயருக்குக் கீழே 'பொறுமையே பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பள்ளியில் பழகியவர்களுக்கு அது வெறும் அலங்கார வாசகமல்ல. ஒரே முறையில் பரீட்சை பாஸ் பண்ணிய ஆளை நான் இதுவரை கண்டதில்லை. எல்லாருக்கும் ஏத்தத்தில்தான் சறுக்கும். பாதி ஏத்தத்தில் காரை நிறுத்தித் திரும்ப எடுக்கச் சொன்னால், கார் இருமிவிட்டு நின்றுவிடும்.

அவருடைய மனைவி நல்லம்மா அன்ரி இடியப்பத் தட்டோடு விறாந்தைக்கு வந்தார். அமைதியான மனுசி. தட்டைக் கண்டதும் குணரத்தினத்தாரின் முகம் சுருங்கியது.

"இண்டைக்கும் இடியப்பமோ? பிட்டைக் கண்ணால கண்டு எவ்வளவு காலம்!"

"பிட்டெண்டா மினக்கெடோணும்," என்றுவிட்டு அன்ரி உள்ளே போய்விட்டார்.

"ஆனா ஒண்டு, சேர். இந்த மேசை முந்தி ஆடின ஆட்டம் தெரியுமோ? தேத்தண்ணி வைக்கேலாது. இப்ப பாருங்கோ, தானா நிண்டிட்டுது." குணரத்தினத்தார் மேசையைத் தட்டிக் காட்டினார். "என்ட வீட்டில எல்லாம் ஒழுங்கா நடக்கும். அந்தக் கார்தான் என்னை அவமானப்படுத்திப் போட்டுது."

அவமானம் நடந்தது போன கிழமை. ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் ஏத்தத்தில் வழக்கம்போல அக்சிலேட்டரை அடிமட்டம் மிதித்திருக்கிறார். வழக்கமாக இருமும் கார் அன்றைக்குப் பாய்ந்தது. எங்கள் ஊரில் மாட்டைப்போல மானும் தெருவில்தான் திரியும். ஒழுங்கை முனையில் யாருடையதோ கீரைப் பிடியைத் தின்றுகொண்டிருந்த மானைத் துரத்திக்கொண்டு போய், மதிலில் முட்டி நின்றது. மானுக்கு ஒன்றுமில்லை. தபாலதிபர்தான் இன்னும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம்.

முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தோம். முன்னும் பின்னும் 'L' தொங்கும் சின்ன வெள்ளைக் கார். டொக்டர் வீட்டிலும் நிற்கும், டீச்சர் வீட்டிலும் நிற்கும், அப்படிப்பட்ட சாதாரணக் கார். அதன் பின்பக்கம் ஒரு ஸ்பொய்லர் ஒட்டியிருந்தது. சைலன்சரின் முனையில் கைமுட்டி போகும் அளவுக்கு ஒரு வாய். சேர் பொனெட்டைத் திறந்தார். புத்தம்புதிய பிளக்குகள், சிவப்புக் கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர், அதையும் எஞ்சினையும் இணைக்கிற பளபளப்பான அலுமினியக் குழாய்.

"இது எந்தக் கம்பனிச் சாமான்?" என்று குழாயைத் தட்டினேன். பெயர் ஒன்றும் இல்லை.

"மகள்," என்றார் சேர், "இதைச் செஞ்ச ஆள் காருக்குக் கீழ ஒருக்காலும் படுக்கல்ல. எல்லாம் நிண்டபடியும் குந்தினபடியும் பூட்டின வேலை. கார்ப் பைத்தியம் பிடிச்ச பொடியன் எண்டா முதல் டயரை மாத்துவான், அடுத்தது பாட்டுப் பெட்டி. இந்த ஆள் பிளக்கில தொடங்கியிருக்கு." பிறகு திரும்பிக் கேட்டார்: "காரில இருந்து ஏதும் களவு போனதா?"

குணரத்தினத்தார் கொஞ்சம் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

"இல்லை. ஒண்டும் போகேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆள் ஆரெண்டும் எனக்குத் தெரியும். இக்ராம். என்னட்ட வேலை செய்யிற இன்ஸ்ட்ரக்டர். போன் முழுக்க ரேஸ் கார்ப் படம். அவன்ட பயிற்றுநர் அட்டையை வாங்கி அலுமாரிக்குள்ள பூட்டிப்போட்டன். பின்னேரம் பொலிசுக்குப் போறன். அதுக்குள்ள நீங்கள் ஒரு சாட்சி பிடிச்சுத் தந்தாக் காணும்."

"அவர் செய்யாட்டி?"

"அவன் செய்யாட்டி வேற ஆர் செய்யிறது?"

துப்பறிகிற வேலையையும் அவரே முடித்துவிட்டார். எங்களை எதற்குக் கூப்பிட்டார் என்று எரிச்சலாக வந்தது.

கேற்றுக்கு வெளியே ஒரு இளைஞன் காத்து நின்றான். அவன்தான் இக்ராம்.

"சேர், ஒரு நட்டைக் கூட நான் தொடல்ல. ரேஸ் படம் பாக்கிறது குத்தமா? அந்த அட்டை இல்லாட்டி எந்தப் பள்ளியிலயும் என்னை எடுக்க மாட்டாங்க. பொலிசுக்குப் போயிட்டா அட்டையே இனிக் கிடைக்காது. கிண்ணியாவில மனிசி பிள்ளை பெத்து நாப்பது நாள் கூடக் கழியல்ல, சேர்." முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வீட்ட போகாம இங்கேயே நில்லுங்க," என்றார் சேர். "ஓடின ஆள் எண்டு பேர் வரக்கூடாது."

எதிரே மர நிழலில் மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு, ஊருக்கே அண்ணனான ஜவ்பர் காக்கா நின்றார். தினமும் அதே இடம், அதே மீன், வாய் நிறைய அதே வெற்றிலை. அவரைவிட நல்ல சாட்சி ஓர்ஸ் ஹில்லில் கிடையாது.

"காக்கா, அந்தக் காருக்கு ஆரும் ஏதும் செய்ததைக் கண்டீங்களா?"

ஜவ்பர் காக்கா தலையை அண்ணாந்து, சாறு சிந்தாமல் வாயைத் திறந்தார். "ஓம்... கட்ட... பறிச்சா..."

மிச்சம் வரவில்லை. மான் ஒன்று பின்னால் வந்து அவருடைய துணிப் பையை இழுத்தது. காக்கா கையை வீசிக்கொண்டு அதன் பின்னால் ஓடிவிட்டார்.

"கட்டைபறிச்சான்!" என்றேன். "மூதூருக்கு அங்கால இருக்கிற ஊர். கட்டைபறிச்சான் ஆள்!"

பின்னால் வந்து நின்ற குணரத்தினத்தார் துள்ளினார். "பாத்தியளோ! இக்ராமின்ட மாமனார் வீடு மூதூரில. கட்டைபறிச்சானுக்கு எவ்வளவு தூரம்? கூட்டாளியை அங்கயிருந்து இறக்கியிருக்கிறான்!"

கேற்றடியில் நின்ற இக்ராமின் முகம் செத்துப் போய்விட்டது. வாயைக் கொடுத்து அந்தப் பொடியனை மாட்டிவிட்டேனோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அந்தக் காரிலேயே போய்ப் பாப்பம்," என்றார் சேர். "திறப்பைத் தாங்க."

நல்லம்மா அன்ரிதான் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "மெல்லமா மிதி, பிள்ளை. இப்ப அது சொல்லுக் கேக்கும்."

நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கார் சொல்லுக் கேட்டது. தேவைக்கு மேலேயே கேட்டது. சீனக்குடா பக்கத்தில் ஒரு வானை முந்தினேன். 'L' போட்ட கார் உறுமிக்கொண்டு முந்துவதைப் பார்த்து வான்காரன் ஜன்னலால் தலையை வெளியே போட்டான். சேர் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

"பழகிற காருக்கு ஏன் இவ்வளவு சத்தம்?"

"சத்தம் போட்டாத்தான் இவவுக்குப் பழகும், சேர்," என்றார் எங்கள் சேர். பொலிஸ்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்.

மூதூர் தாண்டிக் கட்டைபறிச்சானில் போய் இறங்கினோம். வயல், கோயில், வெயில். ரேஸ் கார் சாமான் பூட்டுகிற ஆள் இங்கே யார் என்று கேட்டேன். உழவு மெசின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரேசோ? எங்கட ஊரில ஆரும் எங்கயும் அவசரமாப் போறேல்லை, தங்கச்சி. வயலில நெல்லுச் சூடடிக்கிற நேரம் வாங்கோ, அப்ப கொஞ்சம் ஓடுவம்."

இன்னும் இரண்டு இடத்தில் கேட்டோம். ஓரிடத்தில் தயிர் தந்தார்கள். சேர் ஆறுதலாக இருந்து சாப்பிட்டார். எனக்கோ பொறுக்கவில்லை. அங்கே குணரத்தினத்தார் பொலிசுக்குப் போகச் சேர்ட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருப்பார்.

"சேர், நாங்கள் தயிருக்கோ வந்தனாங்கள்?"

"தப்பான ஊருக்கு வந்திட்டோம் எண்டா, வந்ததுக்கு ஏதாவது சாப்பிட்டுத்தானே போகோணும்," என்றார் அவர்.

திரும்பி வரும்போது என் செருப்பு அடிக்கடி சிக்கியது. அக்சிலேட்டருக்குக் கீழே ஏதோ கடிக்கிறது. கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம் காரை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். ரப்பர் விரிப்பில் ஒரு சதுரம் மட்டும் புதுசாகக் கறுப்பாக இருந்தது. அதன் நடுவில் இரண்டு ஸ்குரு ஓட்டைகள்.

"சேர், இதில ஏதோ பூட்டிக் கிடந்திருக்கு. பெடல் முழுக்க இறங்காத மாதிரி. ஒரு..." சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. "ஒரு கட்டை!"

சேர் பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கை உள்ளே விட்டிருந்தார்.

"மகள், இங்க வாங்க. என்ன மணக்குது?"

எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் மணத்துக்கு நடுவே இன்னொரு மணம். எனக்குப் பசியே வந்துவிட்டது.

"தேங்காய்ப்பூ. வறுத்த தேங்காய்ப்பூ."

அந்தப் பளபளப்பான அலுமினியக் குழாயைச் சேர் கைலேஞ்சியால் பிடித்துக் காட்டினார். கம்பனிப் பெயர் இல்லாத அந்தக் குழாயின் ஓரத்தில் அரிசிமா காய்ந்து ஒட்டியிருந்தது.

"பிட்டுக் குழல்!" என்று கத்தினேன். பாலத்தடியில் தூண்டில் போட்டவர் திரும்பிப் பார்த்தார்.

"குணரத்தினம் பிட்டைக் கண்டு எவ்வளவு காலம்?" என்று சேர் கேட்டார்.

"ஆனா காக்கா சொன்னது..."

"காக்கா என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"கட்டைபறிச்சான்."

"அது நீங்க சொன்னது. அவர் சொன்னது, 'கட்ட பறிச்சா'. நாங்க ஊர் பேரைக் கேட்டோம். மனிசன் நடந்ததைச் சொல்லியிருக்கார். காரில இருந்த கட்டையைப் பறிச்சா. ஆம்பிளை எண்டா பறிச்சான், பொம்பிளை எண்டா பறிச்சா. அந்தக் கடைசி 'ன்' வெத்திலைக்குள்ள தொலையல்ல, மகள். அது முதல்லயே இல்ல. நாங்கதான் கொண்டுபோய்ப் பூட்டினோம்."

ஆக, இல்லாத சாமானைப் பூட்டியவர்கள் வரிசையில் நாங்களும் சேர்ந்துவிட்டோம். ஓர் எழுத்தைப் பூட்டி, ஒரு பொம்பிளையை ஆம்பிளையாக்கி, அவளுக்கு ஓர் ஊரையும் கொடுத்து, அதைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் தயிர் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். கேவலமாக இருந்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப இந்த ஃபில்டர், பிளக், சைலன்சர் வாய்?"

"வெளியால பூட்டுற சாமானில கூடுறது சத்தம்தான். எல்லாத்தையும் பூட்டிப் பாத்திருக்கா. கார் ஏத்தத்தில ஏறல்ல. கடைசியா ஒரு நாள் குந்தியிருந்து பெடலுக்குக் கீழ பாத்திருக்கா."

நாங்கள் ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. விறாந்தையில் இக்ராம் சுவரோடு ஒட்டி நின்றான். குணரத்தினத்தார் சப்பாத்துப் போட்டுத் தயாராக மேசையடியில் இருந்தார். உள்ளேயிருந்து நல்லம்மா அன்ரியும் வந்தார். நல்ல சேலை, கையில் பை.

"நீ எங்க வெளிக்கிட்டனி?" என்றார் கணவர்.

"உங்களோடதான். பொலிசுக்கு."

"விசர்க்கதை கதையாத! சேர், கட்டைபறிச்சானில ஆளைப் பிடிச்சியளோ?"

"ஆள் அங்க இல்ல," என்றார் சேர். "ஐயா, காரில இருந்து ஒண்டும் களவு போகல்ல எண்டு சொன்னீங்க. ஒண்டு போயிருக்கு. அது போன விசயம் உங்களுக்கும் தெரியும். நேர பொலிசுக்குப் போகாம எங்களைக் கூப்பிட்டதும் அதாலதான்."

"என்னத்தைச் சொல்லுறியள்?"

சேர் குனிந்து மேசைவிரிப்பைத் தூக்கினார். மேசைக் காலுக்குக் கீழே இருந்த மரக்கட்டையை இழுத்தார். மேசை சரிந்தது. குணரத்தினத்தாரின் தேத்தண்ணி, பொலிசுக்குப் போக அவர் அயன் போட்ட சேர்ட்டில் போய் விழுந்தது. கட்டையில் இரண்டு ஸ்குரு ஓட்டைகள்.

இக்ராம் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது... பழகிற ஆக்கள் பறக்கக்கூடாது எண்டு..." என்று குணரத்தினத்தார் இழுத்தார்.

"ஏறவும் கூடாது எண்டோ?" என்றேன். "ஒரே தரத்தில பாஸ் பண்ணினா ஆர் திரும்பி வந்து பழகிறது? இல்லையோ, ஐயா? பொறுமையே பாதுகாப்பு!"

"லக்சனா," என்றார் சேர். அதட்டல் மாதிரித்தான் இருந்தது, ஆனால் முகத்தில் அதட்டல் இல்லை.

நல்லம்மா அன்ரி பையை மேசையில் வைத்தார். மேசை ஆடியது.

"அந்தக் கார் வந்த வருஷம் நானும் பழகினனான்," என்றார். எங்களுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது, ஆனால் கண் கணவரில்தான். "ஏத்தத்தில ஒவ்வொரு தரமும் நிண்டுபோகும். 'உன்ட காலுக்கு ஏலாது, நல்லம்மா' எண்டார். நானும் என்ட கால்லதான் பிழை எண்டு விட்டிட்டன். பிறகு பழக வந்த பொம்பிளைகள் எல்லாம் இந்த விறாந்தையில இருந்து அழுதிட்டுப் போகும். நான் தேத்தண்ணி குடுப்பன், இவர் சிரிப்பார். சரி, எங்கட கால் பிழை எண்டா காரையாவது திருத்துவம் எண்டு நினைச்சன். போனில ஒரு ஜப்பான்காரன் பூட்டிக் காட்டுறான். பாஷை விளங்காது, கை விளங்கும். மிக்சிக்குச் சாமான் எண்டு சொல்லித்தான் எல்லாம் எடுப்பிச்சனான். ஒரு குழாய் மட்டும் கிடைக்கேல்லை. குசினிக்குள்ள பாத்தன்."

"பிட்டுக் குழலோ!" என்றார் குணரத்தினத்தார். அவருக்கு அப்போதுதான் உண்மையாகவே வலித்தது.

"எவ்வளவு பூட்டியும் ஏறேல்லை. கடைசியில கட்டையைக் கண்டன். எனக்கு முதல் விளங்கவே இல்லை. அதை எங்கட வீட்டு ஸ்குருவால பூட்டியிருந்துது." அன்ரி ஆடிய மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "பறிச்சு எறிய மனமில்லை. மேசைக்கு வைச்சன். எப்பவாவது குனிஞ்சு பாப்பார் எண்டு நினைச்சன். இக்ராம் தம்பியைப் பொலிசில குடுக்கப்போறார் எண்டு இண்டைக்குத்தான் தெரியும். இனி நான் பேசாம இருக்கேலாது."

அவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அட்டையைக் கொண்டுவந்து இக்ராமின் கையில் வைத்தார். "குறை நினைக்காதீங்கோ, தம்பி." இக்ராம் அட்டையைச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்து மேலே கையைப் பொத்திக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எரிச்சலாகவும் இருந்தது.

"ஐயா, பொலிசுக்கு இப்பவும் போகலாம்," என்றார் சேர் மிகவும் மரியாதையாக. "முறைப்பாட்டோட இந்தக் கட்டையையும் குடுக்கோணும். ஏத்தத்தில தோத்த ஆக்கள் எல்லாம் சாட்சிக்கு வருவாங்க. வரிசை உள்துறைமுகம் வரைக்கும் போகும்."

குணரத்தினத்தார் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"தம்பி இக்ராம்," என்றார் அன்ரி, "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. வாங்கோ."

இக்ராம் இடப்பக்கம் ஏறினான். அன்ரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். கார் கேற்றைத் தாண்டி ஏத்தத்தில் ஏறியது. பாதியில் நின்றது. ஹேண்ட் பிரேக் இழுபடும் சத்தம் கேட்டது.

குணரத்தினத்தார் பாய்ந்தார். ஒற்றைக் காலில் சப்பாத்து, கையில் அந்தக் கட்டை. "பின்னுக்கு வரப்போகுது! பின்னுக்கு வரப்போகுது!" என்று கத்திக்கொண்டு, லொறிக்காரர் சில்லுக்குக் கட்டை வைப்பதுபோல் பின் டயரடியில் வைக்க ஓடினார்.

அவர் குனிந்தார். டயர் அங்கே இல்லை. கார் ஓர் அங்குலமும் பின்னுக்கு வராமல் ஏறிப்போய்விட்டது. மேலே திரும்புகிற இடத்தில் ஒருமுறை ஹோர்ன் அடித்தது.

ஏத்தத்தின் நடுவே கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார். எதிரே மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ஜவ்பர் காக்கா முதன்முறையாக வெற்றிலையை முழுக்கத் துப்பினார்.

"கட்ட பறிச்சா எண்டு காலையிலேயே சொன்னனே," என்றார் தெளிவாக. "ஆருக்குக் காது கேக்குது?"

குணரத்தினத்தார் என் பக்கம் திரும்பினார். என்ன கேட்பதென்று தெரியாமல் கடைசியில் அதைத்தான் கேட்டார்.

"அப்ப, பிள்ளை... பிட்டுக் குழல்?"

"அந்தா, மேல போகுது, ஐயா," என்றேன்.